தேவராஜ மொஹல்லாவில் ஒரு நூற்றாண்டு வழக்கு

2025 செப்டம்பர் 22 அன்று மைசூரில் இரண்டு காரியங்கள் ஒரே நாளில் தொடங்கின. சாமுண்டி மலை மேல் எழுத்தாளர் பானு முஷ்தாக் தசராவைத் தொடங்கி வைத்தார். மலைக்குக் கீழே, கர்நாடகம் முழுவதும், பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தின் சமூக, கல்விக் கணக்கெடுப்பு ஆரம்பமானது.

முதலாவதைத் தடுக்கச் சொல்லி மைசூரின் முன்னாள் எம்.பி. பிரதாப் சிம்ஹா உட்படச் சிலர் உயர்நீதிமன்றம் போனார்கள். 15ஆம் தேதி மனுக்கள் தள்ளுபடியாயின. உச்சநீதிமன்றமும் 19ஆம் தேதி தலையிட மறுத்துவிட்டது. கணக்கெடுப்பை நிறுத்தச் சொல்லியும் வழக்கு நடந்தது. நீதிமன்றம் தடை விதிக்கவில்லை. ஆனால் விருப்பம் உள்ளவர்கள் பதில் சொன்னால் போதும், திரட்டும் விவரம் வெளியே போகக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டது.

இரண்டையும் எதிர்த்தவர்கள் பெரும்பாலும் ஒரே தரப்பு. கன்னடத்தில் ‘பிரகதிபரரு’ என்று சொல்லப்படும் முற்போக்காளர்கள் மேல் அவர்களுக்கு இருக்கும் கோபம் இந்த இரண்டோடு தீர்வதில்லை. அரசு கோயிலுக்குள் கை வைக்கிறது, சாதியை எண்ணுகிறது, வரிப்பணத்தை வாரி இறைக்கிறது, பாடப்புத்தகத்தைத் திருத்துகிறது, வேண்டியவர்களுக்கு மனை ஒதுக்குகிறது என்று அவர்கள் பட்டியல் நீள்கிறது. மைசூரின் தேவராஜ மொஹல்லாவில், சாயாஜிராவ் சாலைக்கும் தேவராஜ அரசு சாலைக்கும் நடுவே காபி குடிக்க நின்று அரசியல் பேசுகிறவர்களிடம் காது கொடுத்தால் இதில் பாதியாவது விழும்.

அதைச் சிரித்து ஒதுக்க முடியாது. பட்டியலில் ஒரு பாதி, அரசு நிறுவனங்கள் எப்படி நடக்கின்றன என்பதைப் பற்றியது. அதில் நியாயம் நிறைய உண்டு. மற்றொரு பாதி, அந்த நிறுவனங்களுக்குள் யார் நுழையலாம் என்பதைப் பற்றியது. அந்தப் பாதியை மைசூரின் சரித்திரமே நூறு ஆண்டுகளாகப் பொய்யாக்கி வந்திருக்கிறது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி, கீழே இருந்தவர்கள் மேலே வந்ததால்தான் நிர்வாகம் கெட்டது என்று விற்கும்போது, உண்மையில் யார் கெடுத்தார்களோ அவர்கள் தப்பித்துப் போய்விடுகிறார்கள். மைசூர் அதற்கு நல்ல சாட்சி.

திவான் விலகிய கதை

தமிழ் வாசகருக்கு இந்தக் கதையில் கொஞ்சம் சொந்தமும் உண்டு. 1881இல் ஆங்கிலேயர் மைசூர் ஆட்சியை உடையார் குடும்பத்திடம் திருப்பிக் கொடுத்தபோது திவானாக இருந்தவர் ரங்காசார்லு. செங்கல்பட்டுச் சீமையில் பிறந்தவர். இன்றைக்கு டவுன் ஹால் என்று மைசூர்காரர்கள் சொல்லும் கட்டடம் அவர் நினைவாக எழுந்ததுதான். பொறுப்புக்கு வந்த அதே ஆண்டு அக்டோபரில், தசரா சமயத்தில், பிரஜா பிரதிநிதி சபையை அவர் கூட்டினார். தசரா வெறும் கோயில் விழா என்று இன்று வாதாடுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். 1881 முதலே அது அரசாங்கமும் குடிகளும் முகத்தோடு முகம் பார்த்துக்கொண்ட நாள். பிற்காலத்தில் 1926 முதல் 1941 வரை மிர்ஸா இஸ்மாயில் என்ற முஸ்லிம் திவானாக இருந்தபோதும் அது குறைவின்றி நடந்தது. 2017இல் கவிஞர் நிஸார் அகமது தொடங்கி வைத்தபோதும் நடந்தது.

ரங்காசார்லுவுக்குப் பிறகு வந்தவர் பாலக்காட்டு சேஷாத்ரி ஐயர். 1883 முதல் 1901 வரை திவான். இந்தக் காலத்தில் மைசூர் அரசின் பெரிய பதவிகளில் சென்னை மாகாணத்துப் பிராமணர்கள் நிறையப் பேர் வந்து உட்கார்ந்தார்கள். உள்ளூர்ப் பிராமணர்களுக்கு அது பொறுக்கவில்லை. மெட்ராஸ்காரர்களா, மைசூர்காரர்களா என்ற பூசல் பல ஆண்டு ஓடியது. மைசூர் வேலை மைசூர்காரருக்கே என்று குரல் எழுப்பியவர்கள் படித்த, உயர்சாதி உள்ளூர்க்காரர்கள். அப்போது அவர்கள் யாரும் தேர்வில் யாருக்கு அதிக மதிப்பெண்ணோ அவருக்கே வேலை என்று சொல்லவில்லை. மண்ணின் மைந்தருக்குப் பங்கு வேண்டும் என்றார்கள். பங்கு கேட்பது என்ற பழக்கத்தை மைசூரில் தொடங்கி வைத்தவர்கள் அவர்கள்தான். பின்னால் வொக்கலிகர்களும் லிங்காயத்துகளும் முஸ்லிம்களும் அதே பங்கைக் கேட்டபோதுதான் திறமை என்ற சொல் முன்னால் வந்து நின்றது.

1906இல் வொக்கலிகர் சங்கம் பிறந்திருந்தது. 1917இல் பிராமணரல்லாத தலைவர்கள் சேர்ந்து பிரஜா மித்ர மண்டலியைத் தொடங்கினார்கள். 1918இல் அவர்கள் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரைச் சந்தித்து மனுக் கொடுத்தார்கள். மக்கள்தொகையில் மிகச் சிறு பங்கினரான பிராமணர்களிடம் கெஜட் பதவிகளில் மிகப் பெரும்பாலானவை இருக்கின்றன, இது மாற வேண்டும் என்பது மனுவின் சாரம். மன்னர் ஆகஸ்ட் மாதம் தலைமை நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் குழு அமைத்தார்.

அப்போது திவான் விஸ்வேஸ்வரய்யா. அவரைப் பற்றிச் சொல்லும்போது எந்தக் குறையும் வைத்துப் பேச முடியாது. 1912இல் பதவிக்கு வருமுன் உறவினர்களைக் கூப்பிட்டு, சிபாரிசு கேட்டு ஒருவரும் என் வாசலுக்கு வரக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டார் என்று மைசூரில் இன்றும் சொல்வார்கள். 1913இல் மைசூர் வங்கி, 1915இல் கன்னட சாகித்திய பரிஷத்து, 1916இல் மைசூர் பல்கலைக்கழகம் என்று ஆறே ஆண்டுகளில் அவர் காலத்தில் எழுந்தவற்றை எண்ணினால் மலைப்பாக இருக்கும். அந்தக் குழுவுக்கு அவர் காட்டிய எதிர்ப்பிலும் சுயநலம் தேட முடியாது. பள்ளிகளைப் பெருக்குங்கள், பின்தங்கியவர்களுக்கு உதவித்தொகை கொடுங்கள், ஆனால் வேலைக்கு எடுக்கும்போது தகுதியைத் தவிர வேறு எதையும் பார்க்காதீர்கள், பார்த்தால் நிர்வாகத்தின் தரம் சரியும், தொழில் வளர்ச்சி தடைபடும் என்பது அவர் நிலை. மன்னர் கேட்கவில்லை. 1918 முடியும் முன் திவான் பதவியை விட்டு விலகினார். அடுத்து வந்தவர் மன்னரின் தாய்மாமன் காந்தராஜ அரசு.

மில்லர் குழு 1919இல் அறிக்கை கொடுத்தது. தகுதி இருக்கிறவர்கள் கிடைக்கும் பட்சத்தில், ஏழு ஆண்டுகளுக்குள் உயர் பதவிகளில் பாதிக்குக் குறையாமலும் கீழ்ப் பதவிகளில் மூன்றில் இரண்டு பங்கும் பிராமணரல்லாதவருக்குப் போக வேண்டும் என்றது. 1921இல் மைசூர் அரசு உத்தரவு பிறப்பித்தது. அதே 1921இல்தான் சென்னையில் நீதிக்கட்சி அமைச்சரவை வகுப்புவாரி உத்தரவு போட்டது. சென்னையில் அது ஓட்டு வாங்கி வந்த கட்சி செய்த காரியம். மைசூரில் ஓட்டுக்கு அவசியமே இல்லாத ஒரு மன்னர் செய்தார். பழமையின் உச்சியில் உட்கார்ந்திருந்தவர் கதவைத் திறந்துவிட, அணை கட்டி ஆலை கட்டிய நவீனகர்த்தா வேண்டாம் என்று தடுத்தார். முற்போக்கு, பழமை என்ற அடையாளச் சீட்டுகளை ஒட்டி மைசூரைப் படிக்கப் போனால் முதல் பக்கத்திலேயே தடுக்கி விழ வேண்டியதுதான்.

தரம் சரியும் என்றார்களே, சரிந்ததா? அடுத்த இருபது ஆண்டுகள் மைசூர் சமஸ்தானம் இந்தியா முழுவதும் முன்மாதிரி என்று பெயர் வாங்கிய காலம். கண்ணம்பாடி அணை கட்டி முடிக்கப்பட்டது அப்போதுதான். பிருந்தாவனத் தோட்டம் வந்தது. கிராமங்களுக்கு மின்சாரம் போனது. விஸ்வேஸ்வரய்யா உண்டாக்கிய அதே மைசூர் பல்கலைக்கழகத்துக்கு 1956இல் துணைவேந்தராக வந்தவர் மலைநாட்டு வொக்கலிகர் வீட்டுப் பிள்ளை, புட்டப்பா. குவெம்பு என்றால்தான் உலகத்துக்குத் தெரியும். கன்னடத்துக்கு முதல் ஞானபீடத்தைக் கொண்டுவந்தவர்.

திறமை குறையும் என்ற அச்சம் மைசூரோடு நின்றுவிடவும் இல்லை. 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் சென்னை வகுப்புவாரி உத்தரவு செல்லாது என்று உச்சநீதிமன்றம் சொன்னபோதும், அதற்குப் பதிலாக அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தபோதும் இதே வாதம்தான் மேடையில். 2023 ஜூனில் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஹார்வர்டு சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதை நிறுத்தியபோதும் இதே வாதம். ஊர் மாறினாலும், நூறு வருடம் கழிந்தாலும், தரம் போய்விடும் என்று சொன்னவர்கள் எந்த ஊரிலும் திரும்பி வந்து, போனதா என்று பார்த்துச் சொன்னதில்லை.

ஏழாம் எண் படிவம்

மொஹல்லாவின் பெரிய கடைத்தெரு தேவராஜ அரசு பெயரில் இருக்கிறது. (மொஹல்லாவின் பெயரும் மார்க்கெட்டின் பெயரும் அவரைக் குறிப்பவை அல்ல. அவை பழைய உடையார் மன்னர் தேவராஜரின் பெயர்.) ஹுன்சூர் தாலுகா கல்லஹள்ளியில் 1915இல் பிறந்த தேவராஜ அரசு, மன்னர் குடும்பத்தோடு உறவுள்ள, எண்ணிக்கையில் மிகச் சிறிய சமூகத்தவர். 1972இல் முதலமைச்சரானார். பிற்படுத்தப்பட்டோருக்கான ஹாவனூர் ஆணையத்தை அதே ஆண்டு அமைத்தார். 1974இல் நிலச்சீர்திருத்தத் திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சட்டம் எப்படி வேலை செய்தது என்பதைக் கிட்டத்தில் பார்த்தால்தான் அதன் மேலான கோபமும் புரியும், அதன் பெருமையும் புரியும். குத்தகைக்கு உழுகிறவர் ஏழாம் எண் படிவத்தை நிரப்பி, இந்த நிலம் என் உழவில் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் போதும். தாலுகாவுக்கொரு நில நடுவர் மன்றம் விசாரிக்கும். அதில் வக்கீல்கள் வாதாடக் கூடாது. தீர்ப்பின் மேல் அப்பீல் கிடையாது. நிலத்துக்காரருக்குக் கிடைக்கும் தொகையோ சந்தை விலைக்குப் பக்கத்திலேயே வராது. வக்கீல் வைத்தால் பணக்காரன் ஜெயிப்பான் என்று தேவராஜ அரசுக்குத் தெரியும். அதனால்தான் வாசலிலேயே வக்கீலை நிறுத்தினார். நீதிமன்றத்தில் தலைமுறைக் கணக்கில் இழுக்கும் வழக்குகள் தாலுகா ஆபீஸ் திண்ணையில் முடிந்தன. கடலோர மாவட்டங்களிலும் மலைநாட்டிலும் பல்லாயிரம் குத்தகைக்காரர்கள் நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆனார்கள்.

ஆனால் அதே சட்டம், பெரிய மடத்தையும் பண்ணையையும் பிடித்த அதே வேகத்தில், இரண்டு மூன்று ஏக்கரைக் குத்தகைக்கு விட்டு அதில் வரும் நெல்லை வைத்து உயிர் வாழ்ந்த விதவைகளையும் பள்ளிக்கூட வாத்தியார்களையும் பிடித்தது. அப்பீல் இல்லாத தீர்ப்பு என்பது, தீர்ப்புச் சொல்பவர் நல்லவராக இருக்கும் வரைதான் நல்லது. நடுவர் மன்றங்களில் ஆளுங்கட்சி நியமித்த உறுப்பினர்கள் இருந்தார்கள் என்று அன்றைக்கே முறையிட்டவர்கள் பொய் சொல்லவில்லை. சட்டத்தின் நோக்கத்தை மனதார வரவேற்கிறவன் நான். அதனால்தான் இந்த ஓட்டையைப் பார்க்காதது போல் போக முடியவில்லை. சிறு உடைமைக்காரருக்கு ஒரு விலக்கு, மேலே முறையிட ஒரு வாசல் இருந்திருந்தால் குத்தகைக்காரர் ஒருவரும் அதனால் நிலம் இழந்திருக்க மாட்டார். தேவராஜ அரசுக்கு வெறுப்பைச் சம்பாதித்துக் கொடுத்ததில் பாதி அந்த இடத்தில் நடந்தது.

நெருக்கடி நிலைக் காலத்தில் அவர் இந்திரா பக்கம் நின்றார். 1977இல் மத்திய அரசு அமைத்த குரோவர் ஆணையம் சில ஊழல் புகார்களில் அவர் மேல் குற்றம் கண்டது. சமூகநீதியும் கோப்பில் நேர்மையின்மையும் ஒரே ஆட்சியில் இருக்க முடியும் என்பதை முற்போக்குத் தரப்பு ஒப்புக்கொள்ளத் தயங்குவதுதான் பழமைத் தரப்புக்குப் பெரிய பலம்.

வாரச் சாப்பாடு சாப்பிட்ட பிள்ளை

பழமைத் தரப்பின் வலியை உள்ளிருந்து எழுதியவர் கன்னட நாவலாசிரியர் எஸ்.எல். பைரப்பா. 2025 செப்டம்பர் 24 அன்று, பானு முஷ்தாக் தசராவைத் தொடங்கி வைத்த மூன்றாம் நாள், காலமானார். மைசூர் குவெம்பு நகரில் வாழ்ந்தவர். பாவண்ணன் மொழிபெயர்த்த ‘பருவம்’ வழியாகவும், ‘ஒரு குடும்பம் சிதைகிறது’ வழியாகவும் தமிழில் அவரைப் படித்தவர்கள் ஏராளம்.

ஹாசன் மாவட்டத்துக் கிராமத்தில் ஏழைப் பிராமணக் குடும்பம். சிறு வயதிலேயே தாயையும் உடன்பிறந்தவர்களையும் சாவு கொண்டுபோனது. நாளுக்கொரு வீடாக வாரச் சாப்பாடு சாப்பிட்டும், ஊதுபத்தி விற்றும், சினிமாக் கொட்டகை வாசலில் நின்றும் படித்து முன்னேறியவர். சாதியால் உயர்ந்தவன் என்று ஏட்டில் எழுதியிருக்க, வயிறு காய்ந்து கிடந்த ஒரு பையனுக்கு, உன் கூட்டம் நூற்றாண்டுகளாக ஆண்டது என்று மேடையிலிருந்து சொன்னால் எப்படி இருக்கும்? இந்தக் கேள்விக்கு முற்போக்காளர்கள் நேராகப் பதில் சொன்னது குறைவு. பதில் இருக்கிறது. ஒரு சமூகத்தின் ஆதிக்கமும் அதே சமூகத்து ஒரு பிள்ளையின் பட்டினியும் ஒன்றை ஒன்று அழிப்பதில்லை. அந்தப் பிள்ளைக்கு உதவித்தொகை வேண்டும். அதற்காக மற்றவர்களுடைய பங்கை மறுக்க வேண்டியதில்லை. வாரச் சாப்பாடு போட அந்தப் பிள்ளைக்கு நாலு வீடாவது இருந்தது. அதே ஊரில் பசித்த தலித் பிள்ளைக்கு எந்த வீட்டு வாசலும் இல்லை.

பைரப்பா திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு சம்பவம் அரசு நிறுவனங்களைப் பற்றியது. தேசிய கல்வி ஆராய்ச்சிக் கழகத்தில் வேலை பார்த்த நாட்களில், பாடப்புத்தகங்களை ஒருமைப்பாட்டு நோக்கில் சரிபார்க்க ஜி. பார்த்தசாரதி தலைமையில் அமைந்த குழுவில் அவர் இருந்தார். சரித்திரத்தில் கசப்பான பக்கங்களை ஏன் மறைக்க வேண்டும் என்று வாதாடினார். கொஞ்ச நாளில் குழு மாற்றி அமைக்கப்பட்டது, புதிய பட்டியலில் தன் பெயர் இல்லை என்று எழுதினார். பிற்காலத்தில் அவர் எழுதிய ‘ஆவரண’ நாவலின் சரித்திரப் பார்வையை நான் ஏற்கவில்லை. ஆனால் கேள்வி கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் பட்டியலிலிருந்து பெயரை எடுப்பது அரசு நிறுவனம் செய்யக்கூடிய மிக மோசமான காரியங்களில் ஒன்று. அதைச் செய்தவர்கள் முற்போக்காளர்கள் என்பதற்காக அது சரியாகிவிடாது.

பழமைத் தரப்பின் கையில் பாடப்புத்தகக் குழு கிடைத்தபோது என்ன நடந்தது? 2022இல் பாஜக ஆட்சியில் ரோஹித் சக்ரதீர்த்த தலைமையிலான குழு கர்நாடகப் பாடப்புத்தகங்களைத் திருத்தியது. மைசூரில் வாழும் எழுத்தாளர் தேவனூரு மகாதேவா, என் எழுத்தைப் பாடத்தில் வைக்க நான் தந்த அனுமதியைத் திரும்பப் பெறுகிறேன் என்று கடிதம் எழுதினார். இன்னும் பல எழுத்தாளர்கள் அவர் வழியில் போனார்கள். 2023இல் காங்கிரஸ் வந்ததும் ஹெட்கேவார், சாவர்க்கர் பாடங்கள் வெளியேறின. குழுக்கள் மாறுகின்றன. பத்தாம் வகுப்புப் பிள்ளை மட்டும் இரண்டு ஆண்டுக்கொரு முறை வேறு சரித்திரம் மனப்பாடம் செய்கிறது. நிறுவனத்தைக் காப்பாற்றுவது பழமைத் தரப்பின் உண்மையான அக்கறையாக இருந்தால், ஆட்சி மாறினாலும் அசையாத ஒரு பாடக்குழுச் சட்டத்தை 2019க்கும் 2023க்கும் நடுவில் அவர்கள் கொண்டுவந்திருக்கலாம். நேரம் இருந்தது. செய்யவில்லை.

இந்த இடத்தில் ராஜாஜி நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, எதற்கெடுத்தாலும் அரசாங்கத்தின் அனுமதிச் சீட்டுக்குக் காத்துக் கிடக்க வைக்கும் ஆட்சிக்கு பெர்மிட் லைசென்ஸ் ராஜ் என்று பெயர் வைத்தார். 1991க்குப் பிறகு அந்த விமர்சனத்தை இந்தியா ஏறத்தாழ முழுவதுமாக ஒப்புக்கொண்டுவிட்டது. அதே ராஜாஜி 1953இல் கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தைத் தமிழ்நாடு குலக்கல்வி என்று தூக்கி எறிந்தது. 1954இல் காமராஜர் வந்தார். ஒரே மனிதர், ஒரே கூர்மை. லைசென்ஸ் விஷயத்தில் அரசு நிறுவனம் எப்படி நடக்கிறது என்று பார்த்தார், சரியாகப் பார்த்தார். பள்ளிக்கூட விஷயத்தில் யார் உள்ளே வருகிறார்கள், அவர்களுக்கு அந்தப் படிப்பு எவ்வளவு பெரிய வாசல் என்பதை அவரால் பார்க்க முடியவில்லை.

மனை ஒதுக்கிய மேஜை

இப்போது மைசூரின் நிகழ்காலக் கதைக்கு வருவோம். 1900களின் தொடக்கத்தில், பிளேக் நோய் ஊரைக் காலி செய்து போன பிறகு, மைசூரில் நகர மேம்பாட்டு வாரியம் ஏற்பட்டது. நெரிசலான சந்துகளை அகலப்படுத்தி, சாக்கடை போட்டு, காற்று வரும் குடியிருப்புகளை உண்டாக்கியது அந்த வாரியம். அதன் வாரிசுதான் 1980களின் இறுதியில் வந்த மைசூரு நகர வளர்ச்சி ஆணையம். ‘முடா’ என்று நாடறிந்த பெயர்.

2020 வாக்கில் அங்கே ஒரு வழக்கம் வந்தது. ஆணையம் முறைப்படி கையகப்படுத்தாமலே ஒருவர் நிலத்தில் மனைப்பிரிவு போட்டுவிட்டிருந்தால், அல்லது இழப்பீடு கொடுக்காமல் இருந்தால், அந்த நிலத்துக்காரருக்கு அபிவிருத்தி செய்த மனைகளில் பாதியைக் கொடுப்பது. 50:50 திட்டம் என்று பெயர். காகிதத்தில் நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் எடுத்த நிலம் ஊர் ஓரத்தில் இருக்க, கொடுக்கும் மனை ஊரிலேயே விலை உயர்ந்த பேட்டையில் இருந்தால்? யாருக்கு எங்கே கொடுப்பது என்று முடிவு செய்வது யார்? அந்த மேஜையில்தான் பணம் இருக்கிறது.

முதலமைச்சர் சித்தராமையாவின் மனைவிக்கு, கேசரே கிராமத்து 3 ஏக்கர் 16 குண்டா நிலத்துக்கு ஈடாக விஜயநகரில் 14 மனைகள் கிடைத்தன என்பது 2024இல் நாட்டை உலுக்கிய புகார். ஆகஸ்டில் ஆளுநர் தாவர்சந்த் கெலாட் வழக்குத் தொடர அனுமதி கொடுத்தார். பாஜகவும் மதச்சார்பற்ற ஜனதா தளமும் பெங்களூரிலிருந்து மைசூருக்குப் பாதயாத்திரை வந்தன. செப்டம்பர் 24இல் உயர்நீதிமன்றம் முதலமைச்சரின் மனுவைத் தள்ளியது. மனைகள் திருப்பித் தரப்பட்டன. 2025 பிப்ரவரியில் லோக் ஆயுக்தா போலீஸ் ஆதாரம் இல்லை என்று அறிக்கை வைத்தது. ஜூலையில், முதலமைச்சரின் மனைவிக்கு அமலாக்கத் துறை அனுப்பிய சம்மனை ரத்து செய்த தீர்ப்பை உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. அரசியல் சண்டைக்கு விசாரணை அமைப்பைப் பயன்படுத்த வேண்டாம் என்று கடுமையாகவும் சொன்னது.

ஒரு குடும்பத்தின் 14 மனைகள் மேலே இவ்வளவு வெளிச்சம். ஆனால் அமலாக்கத் துறை 2025 ஜனவரியில் முடக்கிய சொத்துகள் 142. சந்தை மதிப்பு சுமார் 300 கோடி ரூபாய் என்றது அந்தத் துறை. அவை யார் யார் கைக்குப் போயின என்று கேட்டுப் பாதயாத்திரை போனவர் ஒருவரும் இல்லை. காரணம் விளங்காததல்ல. ஆணையத்தின் கூட்டங்களில் ஊர் எம்.எல்.ஏ.க்கள் எல்லாக் கட்சியிலிருந்தும் உறுப்பினராக உட்கார்ந்தார்கள். முதலமைச்சர் குடும்பத்துக்கு மனை ஒதுக்கப்பட்ட 2021 காலத்தில் ஆண்டது பாஜக. 50:50 திட்டத்தில் இடஒதுக்கீடு எதுவும் கிடையாது. மண்டல் கிடையாது, ஹாவனூர் கிடையாது. படித்தவர்கள், பணம் உள்ளவர்கள், செல்வாக்கு உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் ஒத்தாசையாக இருந்த இடம் அது. பிளேக்குக்குப் பிறகு ஏழைக்குக் காற்று வேண்டும் என்று பிறந்த நிறுவனம் நில வியாபாரத்தில் முடிந்ததற்கு, கீழிருந்து மேலே வந்த சமூகங்கள் மேல் பழி போட ஒரு காகிதமும் கிடைக்காது.

தேவராஜ மார்க்கெட்டுக்கே போய்ப் பார்க்கலாம். எண்ணூறுக்கும் மேற்பட்ட கடைகள். மல்லிகைச் சரம், வெற்றிலைக் கவுளி, நஞ்சன்கூடு ரசபாளை வாழைத்தார், கூம்பு கூம்பாகக் குவித்த குங்குமம். கன்னடத்தில் விலை சொல்லி, முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறும் வியாபாரிகள். 2016 ஆகஸ்டில், செப்பனிடும் வேலை நடந்துகொண்டிருந்தபோதே, வடக்குப் பக்க வாசல் இடிந்து விழுந்தது. அதற்கு நான்கு ஆண்டு முன்பு, 2012 ஆகஸ்டில், பக்கத்து லான்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து நான்கு பேர் இறந்தார்கள். இன்டாக் போன்ற மரபுப் பாதுகாப்பு அமைப்பினர் செப்பனிடலாம் என்கிறார்கள். அரசு அமைத்த குழு இடித்து அதே தோற்றத்தில் கட்டலாம் என்றது. வழக்கு உயர்நீதிமன்றம் வரை போனது. மைசூர் அரச குடும்பத்தின் பிரமோதாதேவி இடிக்கக் கூடாது என்று சொன்னார். மாநகராட்சி, மாநில அரசு, தொல்லியல் துறை என்று கோப்பு சுற்றியதில் காங்கிரஸும் ஆண்டது, பாஜகவும் ஆண்டது. வாடகை வாங்கும் அரசு, கூரையைக் காப்பாற்றும் வேலையை மட்டும் யார் தலையில் கட்டுவது என்று பத்து வருடமாக யோசிக்கிறது.

பழமை பேணுவோர் தங்கள் முழு பலத்தையும் காட்ட வேண்டிய இடம் இது. பேண வேண்டிய பழமை கண்முன்னே விரிசல் விட்டு நிற்கிறது. ஆனால் தசராவை யார் தொடங்குவது என்பதற்கு உச்சநீதிமன்றம் வரை போன வேகத்தில் ஒரு பங்கு கூட மார்க்கெட்டுக்கு வரவில்லை. சாமுண்டி மலையை நிர்வகிக்க 2024இல் அரசு கொண்டுவந்த ஆணையச் சட்டத்தை எதிர்த்து பிரமோதாதேவி நீதிமன்றம் போனார். ஊரின் நிலத்தை முடா எப்படி நடத்தியது என்று பார்த்த எவரும், கோயில் மலையையும் அதே மாதிரி ஓர் ஆணையத்திடம் கொடுக்க யோசிப்பார்கள். அந்தச் சந்தேகம் நியாயமானது.

இலவசங்கள் பற்றி ஒரு வார்த்தை. மாதம் 2000 ரூபாய் தரும் கிருஹலட்சுமித் திட்டம் 2023 ஆகஸ்ட் 30 அன்று மைசூர் மகாராஜா கல்லூரி மைதானத்தில்தான் தொடங்கியது. பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்ற சக்தித் திட்டம் அதற்கு முன் ஜூனில். பிச்சை போட்டு ஓட்டு வாங்குகிறார்கள் என்றார்கள் விமர்சகர்கள். அடுத்த ஆண்டே மகாராஷ்டிரத்தில் பாஜக கூட்டணி அரசு பெண்களுக்கு மாதப்பணம் கொடுத்துத் தேர்தலை வென்றது. இந்த விமர்சனத்துக்கு இதற்கு மேல் நான் நேரம் செலவிடப் போவதில்லை.

கணக்கெடுப்பைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 2025 அக்டோபரில் இன்போசிஸ் நாராயணமூர்த்தியும் சுதா மூர்த்தியும் தாங்கள் பிற்படுத்தப்பட்டவர்கள் இல்லை என்று கூறி விவரம் தர மறுத்தார்கள். நீதிமன்றம் கொடுத்த உரிமை அது, குறை சொல்ல முடியாது. விவரங்கள் கசியக் கூடாது, கட்டாயம் கூடாது என்ற கோரிக்கைகளும் சரியானவை. ஆனால் 1918இல் மன்னரிடம் மனுக் கொண்டுபோனவர்கள் கையில் எடுத்ததும் எண்ணிக்கையைத்தான். எந்தப் பதவியில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள் என்றார்கள். எண்ணுவதில் முன்னேறியவர்களையும் சேர்த்து எண்ணினால்தான் பின்தங்கியவர்கள் எவ்வளவு பின்னால் என்று தெரியும். திறமைக்கு மட்டுமே இடம் கிடைத்திருக்கிறது என்று உறுதியாக நம்புகிறவர்கள் எண்ணிக்கைக்கு அஞ்ச வேண்டியதே இல்லை.

மைசூர் குடகு தொகுதியிலிருந்து 2024இல் பாஜக சார்பில் மக்களவைக்குப் போனவர் யதுவீர் கிருஷ்ணதத்த சாமராஜ உடையார். மில்லர் குழுவை அமைத்த மன்னரின் குடும்பத்து வாரிசு. 50:50 திட்டத்தில் ஒதுக்கிய மனைகள் ஒவ்வொன்றும் யாருக்கு, எந்த நிலத்துக்கு ஈடாக, எந்தத் தேதியில் போனது என்ற முழுப் பட்டியலை வெளியிடச் சொல்ல ஊரில் அவரைவிடப் பொருத்தமானவர் வேறில்லை. கேட்கும்போது, அந்தக் கூட்டங்களில் உட்கார்ந்திருந்த எல்லாக் கட்சி எம்.எல்.ஏ.க்களின் பெயரையும், தம் கட்சியினர் பெயரையும் சேர்த்தே, அவர் கேட்க வேண்டும்.